பானட்டுக்கு அந்தப் பக்கம்

ரயில்வே கேட் விழுவதற்குள் தாண்டிவிடலாம் என்றுதான் செண்பகராஜ் வந்தார். முன்னால் போன பால் வண்டி தாண்டிவிட்டது. அதன் பின்னால் ஒரு பைக்குக்காரன் தலையைக் குனிந்து நுழைந்துவிட்டான். வேனுக்கு மட்டும் வழியில்லை. சிவப்பும் வெள்ளையுமாய்க் கம்பி கண்ணுக்கு நேரே இறங்கி, இரண்டு தரம் ஆடி, நின்றது. எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இழுத்த பிறகும் வலது கால் பிரேக்கை விட்டு எழவில்லை. முப்பத்தெட்டு நாளாக இப்படித்தான், நிற்கிற வண்டியிலும் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூடப் பாதம் தரையை அழுத்துகிறது. இடது ஜன்னலோரம் மகள் சங்கரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் பன்னிரண்டு இருக்கை காலியாகக் கிடக்கையில் பை எதற்கு மடியில் என்று கேட்க வாயெடுத்தார், கேட்கவில்லை. கேட்டால் எடுத்துப் பின்னால் வைத்துவிடுவாள், ஒரு வார்த்தை பேசாமல். சங்கரன்கோவிலில் இருந்து அவள் பஸ்ஸிலேயே போயிருப்பாள். ராஜபாளையம் வரைக்கும் நான் கொண்டாந்து விடுதேன், அங்க மதுரை பஸ் ஏறிக்கோ, ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டு நேரத்துக்குப் போயிரலாம் என்று சொன்னது அவர்தான். ஒரு மணி நேரம் கிடைக்கும், அதற்குள் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு. ஊர் எல்லையில் சொல்லலாம் என்றிருந்தார், ஊர் எல்லை போனது. நூற்பாலை தாண்டியதும் என்றிருந்தார், நூற்பாலையும் போனது. இப்போது கேட். கேட் திறப்பதற்குள் சொல்லியாக வேண்டும். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. நீ சொன்னது என் காதில் விழவே இல்லை. அவ்வளவுதான். நீ 'வாங்க' என்று சொன்னதால் நான் வண்டியை எடுக்கவில்லை, உன் அம்மா செத்ததற்கும் உன் வாய்க்கும் சம்பந்தமே இல்லை. ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது.

கண்ணாடிக்கு வெளியே நேராகக் கீழே பார்த்தார். தார் தெரிந்தது. தாருக்குள் பதிந்துபோன ஒரு சோடா மூடி தெரிந்தது, அதன் பல்வரிசைகூடத் தெரிந்தது. இந்த வேன் அப்படி. இதற்கு மூக்கு கிடையாது. எஞ்சின் முன்னால் இல்லை, ஓட்டுகிறவனுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே, ரெக்சின் போர்த்திய ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அந்தப் பெட்டியின் சூடு அவருடைய இடது தொடையைச் சுட்டு, அங்கே முடி முளைக்காத ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அவர் மனைவி ஆவுடையம்மாள் அதைப் பார்த்து, "தோசைக்கல்லு மேல உக்காந்து சம்பாதிக்கீக" என்பாள். குடும்பத்தோடு குற்றாலம் போனால் அவளேதான் இட்லிப் பாத்திரத்தை அந்தப் பெட்டி மேல் வைப்பாள், போய்ச் சேருகிறவரை சூடு ஆறாது. இப்போது அவருக்கும் மகளுக்கும் நடுவே அந்தப் பெட்டி மட்டும் இருந்தது, மேலே ஒன்றும் இல்லாமல். எஞ்சின் உள்ளே இருப்பதால் வண்டியின் முகம் தட்டை. கண்ணாடி, அதற்குக் கீழே ஒரு தகடு, தகட்டுக்குக் கீழே பம்பர், அதோடு வண்டி முடிந்தது. ஓட்டுகிறவன் முன்சக்கரத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறான். குறுக்கே கோழி வந்தால் அது எந்தப் பக்கம் ஓட நினைக்கிறது என்பதுகூடத் தெரியும். அது வண்டிக்கு முன்னால் வருகிறவர்களுக்கு நல்லது. ஓட்டுகிறவனுக்கு நல்லது என்று பிச்சையா சொல்ல மாட்டான். பிச்சையாவும் ஸ்டாண்டில் இதே மாதிரி வேன்தான் வைத்திருந்தான். ஒரு மழை நாளில் புளியமரத்தில் மோதியபோது மரத்துக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே இருந்தது அந்த ஒற்றைத் தகடு. இரண்டு காலும் போய்விட்டன. இப்போது சக்கர நாற்காலியில் ஸ்டாண்டுக்கு வந்து சீட்டு விளையாடுகிறான். அவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே ஆவுடை ஆரம்பித்துவிட்டாள். "மூக்கு வச்ச வண்டி வாங்குங்க. எஞ்சின் முன்னால கெடக்கட்டும். முட்டினா மொதல்ல அது முட்டட்டும். உங்க காலு பின்னால இருக்கட்டும்." வாங்கலாம் வாங்கலாம் என்று அவர் நாலு வருஷம் இழுத்தார். ஒவ்வொரு சவாரிக்கும் அவள் வாசலில் வந்து நின்று வேனின் தட்டை முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள், வீட்டுக்கு ஆகாத உறவுக்காரனைப் பார்ப்பது போல. அவருடைய காலுக்காகத்தான் கேட்டாள். வேறு எதற்காகவும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை எப்போதும் நின்றுவிடும். பிறகு திரும்ப முதலில் இருந்து, சோடா மூடி, தார், தட்டை முகம், பிச்சையாவின் முழங்கால் என்று வரும்.

பின்னால் வண்டிகள் சேர ஆரம்பித்தன. வேனுக்கு ஒட்டி ஒரு வைக்கோல் லாரி வந்து நின்றது. எதிர்ச்சாரியை அடைத்துக்கொண்டு ஒரு மினி பஸ் முன்னுக்கு வந்தது. கம்பியை ஒட்டி பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்கீப்பரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, ரயிலு என்ன, தென்காசியில இருந்து நடந்தா வருது?" கேட்கீப்பர் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கியபடி, "இல்லவே, நீ வந்துட்டியான்னு பாத்துட்டுக் கெளம்பலாம்னு நிக்கு" என்றார். லாரிக்காரர் சிரித்தார். செண்பகராஜும் பழைய நாளாக இருந்தால் ஏதாவது எடுத்துவிட்டிருப்பார், கேட்டில் நிற்கும் பேச்சு அவருக்குப் பிடிக்கும். ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கேட்ட மாதிரியே தெரியவில்லை. கம்பிக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும்போதுதான் சொன்னாள், அதுவும் தட்டைப் பார்த்து. "தீவாளிக்கு நான் வரலப்பா. ஹாஸ்டல்லயே இருந்துக்கிடுதேன். பொங்கலுக்கும் அப்படித்தான். நான் கண்ணுல பட்டா உங்களுக்குச் சோறு எறங்க மாட்டேங்கு." அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை என்பது உண்மை. அவள் முகத்தைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை. காரணத்தைத்தான் அவள் தலைகீழாக வைத்திருக்கிறாள். அம்மாவைக் கொன்ற வாய் என்று அப்பா தன்னைப் பார்க்க மறுப்பதாக நினைத்திருக்கிறாள். அப்போதே, அந்தத் தட்டின் முன்னாலேயே, இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நல்லாப் படிக்கணும்" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்துவைத்தாள். மறுநாள் அவளுடைய அலமாரியில் ஒரு அடுக்கு முழுக்கக் காலியாக இருந்தது. சமையலறைச் சுவரில் கேஸ் பதிவு செய்கிற நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

கடைசியில் மூக்கு வைத்த வண்டி ஒன்றை வாங்கிப் பூஜை போட்ட அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும், அதற்குள் பூஜையை முடித்து வண்டியை நாலடியாவது நகர்த்திவிட வேண்டும் என்று ஆவுடை முந்தின நாளே சொல்லிவைத்திருந்தாள். பூசாரிதான் தாமதம். அம்மன் கோவில் வாசலில் அன்றைக்கு மூன்று வண்டி. இவர்கள் வண்டிக்கு வரும்போது மணி பத்து இருபது. அவசர அவசரமாகச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முன்னால் எஞ்சினை மூடிய பானட்டின் மேல் மாலையைப் போட்டு, சூடம் காட்டி, பூசணிக்காயை உடைத்துவிட்டு, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பானட் என்றால் அது சின்ன பானட் இல்லை. பழைய வண்டிதான், கைமாறி வந்தது, ஆனால் ஆள் நெஞ்சுயரத்துக்கு நிற்கும். நடுவில் ஒரு புடைப்பு வேறு, காற்று போக என்று சொன்னார்கள், காற்றும் போகாது ஒன்றும் போகாது, மிடுக்குக்கு வைத்தது. ஏறி உட்கார்ந்தபோது ராஜா மாதிரி இருந்தது. கண்ணுக்கு முன்னால் இரும்பு ஒரு மைதானம் போல விரிந்து கிடந்தது. அதன் விளிம்பில் செவ்வந்தி மாலை. மாலைக்கு மேலே, தூரத்தில், தேங்காய்க் கடையின் தார்ப்பாய். நடுவில் இருந்த பூமி எங்கே போனது என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பூமியைப் பார்த்தே ஓட்டியவனுக்கு, அது இல்லாமல் போனதும் தோன்றியிருக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது ஆவுடை. கோவில் வாசல் சாக்கடைப் பக்கமாகச் சரிவு. இடது முன்சக்கரத்துப் பழம் உருண்டிருக்கிறது. பழம் நசுங்காமல் வண்டி நகர்ந்தால் ஆகாது என்று அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய், சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து, பழத்தை எடுத்து மறுபடி வைத்திருக்கிறாள். இதெல்லாம் பூக்காரி பிறகு சொன்னது. அவருக்குத் தெரிந்தது, கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்ததும், ஏசியின் சத்தமும், டாஷ்போர்டில் பச்சை எழுத்தில் பத்து இருபத்தெட்டு என்று இருந்ததும்தான். இன்னும் இரண்டு நிமிஷம். ஆவுடை தட்டை அலம்பப் போயிருப்பாள் என்று நினைத்தார். கிளட்சை விட்டார். பழம் நசுங்கும்போது ஒரு சின்னத் தூக்கல் இருக்கும் என்று உடம்பு எதிர்பார்த்திருந்தது. தூக்கல் வந்தது. நல்லபடியாக நசுங்கிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தார். ஒரு நொடியா, இரண்டு நொடியா. கையெடுத்து முருகா என்றுகூடச் சொன்னார். பிறகுதான் பக்கக் கண்ணாடியில் சங்கரியின் வாய் திறந்திருப்பது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை, ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் அவருடைய கதவுக்குப் பின்னால் நின்றாள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு. அங்கிருந்து முன்சக்கரம் தெரியாது. அம்மா சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் அவளுக்குத் தெரியாது. இடது கையை ஆட்டி, "வாங்கப்பா வாங்க, நேரமாச்சு" என்றிருக்கிறாள். அது அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது, அவரைத் தவிர. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஆவுடை போய்ச் சேர்ந்த பிறகு, போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதுகிற ரைட்டர் பேனாவை வைத்துக்கொண்டு, "யாரும் கை காட்டினாங்களா, நீங்களா எடுத்தீங்களா?" என்று கேட்டார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. கை காட்டினார்கள் என்றால் வழக்கு கொஞ்சம் லேசாகும் என்பது அவர் கேட்ட தொனியிலேயே இருந்தது. செண்பகராஜ் வாயைத் திறப்பதற்குள் சங்கரி, "நாந்தான் சார் கை காட்டினேன். நாந்தான் வாங்கன்னேன்" என்றாள். ரைட்டர் செண்பகராஜைப் பார்த்தார். செண்பகராஜ் மேசையின் மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் கல்லைப் பார்த்தார். மகள் சைகை காட்டியதன் பேரில் வாகனத்தை இயக்கினேன் என்று எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். போட்டார். பேர் கோணலாக விழுந்தது. உரிமம் போய்விடும், உள்ளே போட்டுவிடுவார்கள், இவளை யார் பார்ப்பார்கள் என்று அப்போது நினைத்ததாக அவர் தனக்குச் சொல்லிக்கொள்வது உண்டு. உண்மையில் அப்போது எதுவும் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் அந்தப் பாரத்தைக் கொஞ்சம் தூக்கினார்கள், தூக்க விட்டுவிட்டார், அவ்வளவுதான். தூக்கியது இருபது வயதுப் பெண் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பதினாறாம் நாள் ஆவுடையின் படத்துக்கு விளக்கு ஏற்ற சங்கரி எண்ணெயை எடுத்தபோது, சித்தி சிவகாமி அவள் கையில் இருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஆவுடைக்கு ஒரே தங்கச்சி அவள். கத்தவில்லை, கூடத்தில் அத்தனை பேர் இருக்க, மெதுவாகத்தான் சொன்னாள். "நீ தொடாதட்டி. உன் வாய்தான் எங்க அக்காவை எடுத்துச்சு. நீ ஏத்துன வெளக்கு அவளுக்கு எரியாது." செண்பகராஜ் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அடுப்படியில் யாரோ காபி கேட்டார்கள். அதற்கு மறுநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்து, போலீஸ் திருப்பிக் கொடுத்து, கொட்டகையில் நின்ற அந்த மூக்கு வண்டியில் ஏறினார். முன்னால் பச்சைக் குடம் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து பார்த்தார். தெரியவில்லை. இறங்கிப் போய் ஓரடி தள்ளி வைத்தார், ஏறிப் பார்த்தார். தெரியவில்லை. இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, பதினோராவது அடியில்தான் குடத்தின் வாய் பானட்டின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தது. பிறகு அதே குடத்தை இந்த வேனுக்கு முன்னால் வைத்தார். இரண்டடியில் முழுக் குடமும் தெரிந்தது. அன்றைக்குப் பகல் முழுதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். குத்தவைத்து உட்கார்ந்த ஒரு மனுஷி குடத்தைவிட உயரம்தான், ஆனால் பதினோரு அடிக்கு அந்தப் பக்கம் அவள் இல்லை, பம்பரை ஒட்டி இருந்தாள். இந்த வேனை எடுத்துக்கொண்டு பூஜை போட்டிருந்தால் அவள் உச்சி வகிட்டுக் குங்குமமே தெரிந்திருக்கும். ஆனால் இந்த வேனுக்கு எதற்குப் பூஜை. இந்த வேன் வேண்டாம் என்றுதானே அந்த வண்டி. மறுபடியும் பிச்சையாவின் முழங்கால்.

"வெள்ளரிப் பிஞ்சு, வெள்ளரிப் பிஞ்சு" என்று ஒரு பெண் வண்டிகளுக்கு நடுவே வந்தாள். மினி பஸ் ஜன்னலுக்குக் கூடையைத் தூக்கிக் காட்டியபோது நாலைந்து பிஞ்சு சரிந்து வேனுக்கு முன்னால் விழுந்தன. அவள் கூடையை இறக்கிவிட்டு, நேரே அவர் முகத்துக்கு முன்னால், பம்பரை ஒட்டிக் குத்தவைத்துப் பொறுக்க ஆரம்பித்தாள். முழுதாகத் தெரிந்தாள். தலைச்சும்மாடு, காதில் பிளாஸ்டிக் தோடு, மிளகாய்ப்பொடி ஒட்டிய விரல். எஞ்சின் ஓடவில்லை, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறது, தரை சமதளம், எல்லாம் தெரியும். கால் பிரேக்கைத் தரையோடு அழுத்தியது. ஸ்டியரிங்கைப் பிடித்த இரண்டு கையும் வெளுத்தன. அவள் நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு அண்ணாச்சி இப்படி முழிக்கீக? வண்டி நிக்கத்தான செய்யுது" என்றாள். எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு ரெண்டு பிஞ்சு தரட்டா, வெயிலுக்கு நல்லது" என்றாள். சங்கரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அசைத்த தலை அப்படியே அப்பாவின் கைப்பக்கம் திரும்பி, வெளுத்த விரல்களில் நின்றது. பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். தண்டவாளம் அதிர ஆரம்பித்தது. ரயில் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. அவர் வாயைத் திறந்தார். முதல் பெட்டி கேட்டைத் தாண்டுகிற அந்தச் சத்தத்தில், சாலையைப் பார்த்தபடியே சொன்னார். நீ சொன்னது என் காதுல விழவே இல்லட்டி, நானாத்தான் எடுத்தேன். சொல்லி முடித்தபோது அவருக்கே தன் குரல் கேட்கவில்லை. ஜன்னல்களும் கதவில் உட்கார்ந்திருந்தவர்களின் கால்களும் ஓடின. ஏன் இந்தச் சத்தத்தில் சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. சொன்னதாகவும் இருக்கும், கேட்காததாகவும் இருக்கும். ஸ்டேஷனில் செய்ததையேதான் இங்கேயும் செய்திருக்கிறார். கடைசிப் பெட்டி போனது. தூசி இறங்கியது. லாரிக்காரர் எஞ்சினைக் கிளப்பினார், கேட்கீப்பர் இன்னும் ரயிலின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னமோ சொன்னீங்க" என்றாள் சங்கரி.

அவர் அவள் பக்கம் திரும்பினார். முப்பத்தெட்டு நாளில் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, மூக்கு அம்மாவின் மூக்கு. "நீ வாங்கன்னு சொன்னது எனக்குக் கேக்கலம்மா" என்றார். "கண்ணாடி ஏத்தியிருந்தேன். நீ கை காட்டினதையும் நான் பாக்கல. மணியைத்தான் பாத்தேன். ராகு காலம் பொறந்துரும்னு நானா எடுத்தேன். நீ ஊமையா நின்னுருந்தாலும் எடுத்துருப்பேன்."

கம்பி கிறீச்சிட்டு மேலே ஏறத் தொடங்கியது.

"அப்ப ஸ்டேஷன்ல?" என்றாள்.

"நீ சொன்ன. நான் சும்மா இருந்துட்டேன்."

"சித்தி சொல்லும்போது நீங்க அங்கதான நின்னீங்க."

"நின்னேன்."

கேட் முழுதாகத் திறந்துவிட்டது. பைக்குகள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. சங்கரி கதவைத் திறந்து இறங்கினாள். பையோடு, வேனைச் சுற்றி முன்னால் வந்து, தண்டவாளத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள், சாலையின் நடுவே, நேராக வேனுக்கு முன்னால். ஓரமாகப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் வண்டியைக் கிளப்பி முதல் கியரில் அவள் பின்னால் ஊர்ந்தார். தலையில் இருந்து குதிகால் வரைக்கும் தெரிந்தாள். செருப்பின் பின்பக்கம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது தெரிந்தது. தண்டவாளக் கல்லில் கால் இடறியது தெரிந்தது. வைக்கோல் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, என்ன, சாமி சப்பரமா இழுத்துட்டுப் போறீக? ஒதுங்குங்கவே" என்று கத்தினார். மினி பஸ் கண்டக்டர் கையை விரித்துக் காட்டினான். எதிரே வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, "பைத்தியமாட்டி நீ" என்றார். செண்பகராஜ் யாரையும் பார்க்கவில்லை. அவளுக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த ஐந்தடித் தரையை மட்டும் பார்த்தார். அது குறையாமலும் கூடாமலும் வந்தது. இப்படியே ராஜபாளையம் வரைக்கும் நடப்பாள் என்றால் அப்படியே போகலாம், மதுரை வரைக்கும் என்றாலும் சரி.

கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தக் கூரையடியில் அவள் ஒதுங்கி நின்றாள். அவரும் ஒதுக்கினார். லாரியும் பஸ்ஸும் திட்டிக்கொண்டே போயின. சாலை காலியானது. அவள் அவருடைய ஜன்னலுக்கு வந்தாள். முகம் காய்ந்திருந்தது.

"சித்திகிட்ட நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லணுமா?"

"நான் சொல்லுதேன்."

"எப்ப?"

"பஸ்ஸை ஏத்திவிட்டுட்டு நேரா அவ வீட்டுக்குத்தான்..."

"நான் இருக்கும்போது சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு இருந்தவங்க எல்லாம் இருக்கணும்னு கேக்கல. நான் இருக்கணும்."

"ஸ்டேஷன்லயும் சொல்லிருதேன்" என்றார். "என்ன பண்ணினாலும் பண்ணட்டும்."

அவள் முன் கதவுக்கு வரவில்லை. பக்கக் கதவை இழுத்துத் திறந்து, பின்னால் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். அவர் வண்டியைத் திருப்பினார். மூக்கு இல்லாத வண்டி, ஒரே வெட்டில் திரும்பிவிட்டது. கேட்கீப்பர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், தாண்டிப்போன வேனே திரும்பி வருவதைப் பார்த்து, "என்ன, எதையும் மறந்துட்டீகளா?" என்றார். செண்பகராஜ் தலையை மட்டும் அசைத்தார். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது உள்கண்ணாடி ஆடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதில் காலி இருக்கைகளின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் திருப்பினால் அவள் முகம் தெரியும். கை மேலே போனது, தொடாமல் ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. நூற்பாலைச் சுவர் வந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஏதோ வண்டிக் கோளாறு என்று நினைத்தார், பிறகு புரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அழாதவள், சுடுகாட்டுக்குத் தூக்கும்போதும் அழாதவள், அம்மா அம்மா என்று வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. வண்டியை ஓரம் கட்டிப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. நிறுத்தினால் அழுகையும் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது. அதே வேகத்தில், குழி வந்தால் ஒதுக்கி, மேடு வந்தால் மெதுவாக ஏற்றி, சிவகாமியின் வீட்டை நோக்கி ஓட்டினார்.